டேட்டாபேஸை இடம் மாற்றிய எக்ஸ்டென்ஷன் அக்கா

எங்கள் மருத்துவமனையில் முந்நூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. எது எந்த மாடியில், யார் மேசையில், எந்தச் சன்னலைப் பார்த்தபடி இருக்கிறது என்பதெல்லாம் ஒரே ஒருவருக்கு மனப்பாடம். அவரை எல்லோரும் எக்ஸ்டென்ஷன் அக்கா என்று கூப்பிடுவார்கள். இந்தப் பட்டம் கம்ப்யூட்டரால் வந்ததில்லை. அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அவர் தரைத்தளத்து டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தார். "ரத்தப் பரிசோதனை" என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் "இருநூத்தி நாப்பத்தாறு" என்று எக்ஸ்டென்ஷன் நம்பரைச் சொல்லிவிடுவார். அங்கே இருக்கும் டாக்டர் விடுப்பில் இருந்தால் அதையும் சொல்வார். எதற்கு விடுப்பு, எப்போது திரும்புவார், போன தடவை விடுப்பில் போனபோது என்ன ஆயிற்று என்பதும் கூடவே வரும். இணைப்புக் கிடைக்கும் நேரத்தில் சில பேருக்கு எதற்குக் கூப்பிட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

அந்தப் போர்டை ஒருநாள் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். இருந்த மூன்று ஆபரேட்டர்களில் ஒருவர் ஓய்வுபெற்றார், ஒருவர் வரவேற்பு மேசைக்குப் போனார். அக்காவை எங்கே போடுவது என்று நிர்வாகத்துக்குப் பிடிபடவில்லை. ஒயர் சம்பந்தப்பட்ட ஆள்தானே என்று கம்ப்யூட்டர் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. முதல் வாரம் மௌஸை டெலிபோன் ரிசீவரைப் பிடிப்பது போலப் பிடித்தார் என்று நான் சொன்னால் இப்போதும் கோபித்துக்கொள்வார். ஆனால் பிடித்தார். நானும் அதே அறைதான், என் கண்ணால் பார்த்தேன். பிரிண்டர்கள் என் பொறுப்பு. பிரிண்டர் தகராறு செய்யாத நேரத்தில் அக்கா பேசுவதைக் கேட்பதும் ஏறத்தாழ என் பொறுப்புதான்.

அந்த அறையில் அப்போது ஒரு இன்ஜினியர் இருந்தார். தலை நிறையச் சுருட்டை முடி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, சுருள்முடி என்றுதான் கூப்பிடுவோம். மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் கொடுப்பதற்கென்று ஒரு சர்வரை அவர்தான் நிறுவினார். வெளியிலிருந்து வரும் அப்டேட்களை அந்த சர்வர் முதலில் தான் வாங்கிவைத்துக்கொள்ளும். பிறகு யாருக்கு எதைக் கொடுக்கலாம் என்று நாம் சொல்கிறபடி பிரித்துக் கொடுக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் என்ன மென்பொருள் இருக்கிறது, எந்த அப்டேட் போயாயிற்று, எது போகவே கூடாது என்பதெல்லாம் அதனுள் ஒரு டேட்டாபேஸில் பதிவாகும். குழந்தைகள் பிரிவில் ஊசி போட்ட அட்டை வைத்திருக்கிறார்களே, அப்படி. சுருள்முடி இரண்டு வாரம் உட்கார்ந்து அக்காவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். அக்கா ஒரு நீள நோட்டில் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். நடுவில் சுருள்முடி தும்மியதுகூட அதில் இருக்கும் என்று நான் சந்தேகப்பட்டதுண்டு.

இரண்டு வருஷத்தில் சுருள்முடி வேலையை விட்டுப் போய்விட்டார். சர்வர் அக்காவிடம் வந்தது.

அக்கா அதை "அது" என்று சொல்ல மாட்டார். "அவருக்கு இன்னிக்கு மூச்சு வாங்குது," "அவரு இன்னும் எழுந்திருக்கல" என்பார். அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் யாரோ மூத்த அதிகாரி உடம்பு சரியில்லாமல் இருப்பதாக நினைத்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார்கள்.

இந்தப் பதினோரு வருஷத்தில் அக்கா அந்த டேட்டாபேஸில் சேர்த்துவைத்த சொத்து, மறுப்புகள். லேபில் ஸ்டிக்கர் அடிக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு ஒரு அப்டேட் போனால் ஸ்டிக்கர் எழுத்தே இல்லாமல் வெள்ளையாக வரும். எக்ஸ்ரே அறைக் கம்ப்யூட்டருக்கு வேறொன்று போனால் படம் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். மருந்தகத்தில் ஒன்று போட்டதற்கு ஒருநாள் முழுக்க மருந்துச் சீட்டுகளைக் கையால் எழுதினார்கள். ஒவ்வொரு முறை அடிபட்ட பிறகும் அக்கா அந்த அப்டேட்டை அந்தக் கம்ப்யூட்டருக்கு இனி எந்தக் காலத்திலும் கொடுக்கக் கூடாது என்று மறுத்துவைப்பார். அப்படி நானூற்றுப் பதினேழு மறுப்புகள் சேர்ந்திருந்தன. கல்யாண வீட்டில் பழைய வருத்தங்களை நினைவு வைத்திருக்கும் அத்தையைப் போல அந்த டேட்டாபேஸ் எல்லாவற்றையும் நினைவு வைத்திருந்தது.

நினைவு வைத்துக்கொள்ள இடம் வேண்டுமல்லவா? சர்வரின் பழைய டிஸ்க், அதாவது சி டிரைவ், நிறைந்துபோயிற்று.

முதலில் அக்கா தேவையில்லாத கோப்புகளை அழித்துப் பார்த்தார். ஒரு வாரம் தாங்கியது. பிறகு அப்டேட் கோப்புகளைப் புதிதாக வாங்கிய பெரிய டிஸ்க்குக்கு, அதாவது டி டிரைவுக்கு மாற்றினார். மூன்று மாதம் ஓடியது. ஆனால் டேட்டாபேஸ் மட்டும் சி டிரைவிலேயே இருந்து மாதாமாதம் வீங்கிக்கொண்டு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை சர்வர் முற்றாக நின்றுபோனது.

எங்கள் பிரிவின் தலைவர் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. கெட்டிக்காரர், நல்லவரும்கூட. ஆனால் யார் வாயைத் திறந்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். அதனால் அவருக்குச் சுருக்கமா சார் என்று பெயர். அக்காவையும் அவரையும் ஒரே பிரிவில் போட்டவர் யாரோ, பெரிய விளையாட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

அன்று அக்கா அவர் அறைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். பார்க்க வேண்டிய காட்சியை விட மனமில்லை.

"சார், நம்ம அப்டேட் சர்வர் இருக்காரே, அவர முதல்ல வச்சப்போ டிஸ்க் சின்னது. அப்போ மொத்தமே நூத்தி எண்பது கம்ப்யூட்டர். மூணாவது மாடி அப்ப கட்டவே இல்ல. மூணாவது மாடி கட்டினாங்கல்ல, அந்த வருஷம் மழை…"

"சுருக்கமா சொல்லுங்க."

"நிறைஞ்சு போச்சு சார்."

"அழிச்சிட்டுப் புதுசா போடுங்க. ஒரு நாள் வேலை."

அக்கா ஒரு நொடி பேசவில்லை. அது எனக்கே புதிது. பிறகு சொன்னார். "புதுசா போட்டா அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது சார். எல்லா அப்டேட்டையும் எல்லாருக்கும் குடுத்துடுவாரு. லேபுக்கு, எக்ஸ்ரேக்கு, மருந்தகத்துக்கு. நானூத்திப் பதினேழு தடவை அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டது சார்."

"நோட்ல எழுதி வச்சிருப்பீங்களே. அதைப் பாத்துத் திரும்பப் போட்டுக்கலாம்."

"எழுதியிருக்கேன் சார். பதினாலு நோட்டு."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினாலு நோட்டு என்ற வார்த்தை அவரைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. "சரி, என்ன செய்யணும்ங்கறீங்க?"

"டேட்டாபேஸை அப்படியே எடுத்து டி டிரைவ்ல வச்சிடலாம் சார். செய்யலாம்னு சொல்றாங்க. சனிக்கிழமை ஒரு மணிக்கு வெளிநோயாளி பிரிவு மூடிடும். ரெண்டு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் எனக்குக் குடுங்க."

"அஞ்சு மணி. அதுக்குள்ள முடியலன்னா திங்கக்கிழமை அழிச்சிடுவோம்."

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "செய்யலாம்னு யாருக்கா சொன்னாங்க?" என்று கேட்டேன். "இன்டர்நெட்ல ஒருத்தர்," என்றார். "நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிஞ்சுது."

அந்த வாரம் முழுவதும் அக்கா வீட்டில் சாப்பாட்டு மேசையில் டேட்டாபேஸ்தான். அவர் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் கால்பக்கம் இருக்கும் பிரேக்கில் பாதத்தை வைத்தபடி பேசாமல் இருந்து பழகியவர். கல்யாண வாழ்க்கைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று அவரே சொல்வார். அக்கா செய்யப்போகும் வேலையை வரிசையாக அவரிடம் ஒப்பித்தார். முதலில் அப்டேட் சர்வீஸை நிறுத்த வேண்டும். பிறகு டேட்டாபேஸைப் பழைய இடத்திலிருந்து கழற்ற வேண்டும். அதன் இரண்டு கோப்புகளையும் டி டிரைவுக்கு நகல் எடுக்க வேண்டும். அங்கே மாட்ட வேண்டும். சர்வீஸை மறுபடி ஓட விட வேண்டும். புதன்கிழமைக்குள் அவருக்கும் மனப்பாடமாகிவிட்டது. வியாழக்கிழமை ஒரு மாணவியிடம் "கிளட்சை மிதிச்சு, சர்வீஸை நிறுத்திட்டு" என்று சொல்லிவிட்டாராம்.

"நகல் எடுக்கறியா, வெட்டி எடுக்கறியா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"நகல்தாங்க. பழசு பழைய இடத்துலயே இருக்கும்."

"அப்ப சரி. ரிவர்ஸ் கியர் இருக்கு. பயப்படாத. ஒண்ணே ஒண்ணு. பேசிக்கிட்டே செய்யாத. செஞ்சிட்டுப் பேசு."

சனிக்கிழமை இரண்டு மணிக்கு அக்கா சர்வர் அறைக்குள் போனார். அறை என்பது பெரிய வார்த்தை. ஓர் அலமாரி, ஒரு நாற்காலி, ஒரு டெலிபோன், ஓயாமல் இரைகிற ஏசி, அவ்வளவுதான். நான் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, நீண்ட நாளாகப் படுத்துக்கிடந்த ஒரு பிரிண்டரைப் பிரித்து வைத்துக்கொண்டேன். வேலை ஒரு சாக்குதான். கணவர் சொன்னது நினைவிருந்ததால் அக்கா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வேலை செய்தார். வாய்க்குள் தண்ணீர் வைத்திருப்பவரைப் போல இருந்தது முகம்.

சர்வீஸ் நின்றது. டேட்டாபேஸ் கழன்றது. நகல் எடுக்க நாற்பது நிமிஷம் ஆகும் என்று திரை சொன்னது. பிறகு இரண்டு மணி நேரம் என்றது. பிறகு பதினோரு நிமிஷம் என்றது. கடைசியில் ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது. இரண்டு கோப்புகளும் டி டிரைவில் வந்து உட்கார்ந்தன. அக்கா அளவை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்தார். கடைசி எண் வரைக்கும் சரியாக இருந்தது. மாட்டுவதற்கான பொத்தானை அழுத்தினார்.

அனுமதி மறுக்கப்பட்டது என்று திரையில் வந்தது.

மறுபடி அழுத்தினார். மறுபடி மறுக்கப்பட்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அதே பதில். மணி மூன்று இருபது.

"ஏம்மா, யாருக்கு அனுமதி இல்லையாம்? எனக்கா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் சொல்லுங்கள், எடுத்துத் தருகிறேன். டேட்டாபேஸ் எதை எங்கே சிக்கவைத்துக்கொள்கிறது என்று நான் கண்டேனா?

ஆபத்து என்று எதுவும் இல்லைதான். பழைய கோப்புகள் சி டிரைவில் அப்படியே இருந்தன, திரும்ப அங்கேயே மாட்டிவிடலாம். ஆனால் அங்கே மூச்சுவிட இடமில்லை. திங்கட்கிழமை சார் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். அதற்குப் பிறகு பதினாலு நோட்டு. அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. ஏசி காற்று என்று சொன்னார். ஏசி அந்தப் பக்கம் வீசவில்லை.

மூன்றரைக்கு சார் போன் செய்தார். "முடிஞ்சுதா?"

"கிட்டத்தட்ட சார்."

"கிட்டத்தட்டன்னா?"

"சுருக்கமா சொன்னா அவ்வளவுதான் சார்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

வைத்த கையை ரிசீவரிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுருள்முடியைக் கேட்டா சொல்லிடுவாரு," என்றார்.

சுருள்முடி போய் ஒன்பது வருஷம். அவருடைய பழைய கைபேசி எண் இப்போது வேறு யாருக்கோ போகிறது. அந்த யாரோ போன வருஷமே அக்காவைத் திட்டியிருக்கிறார். நான் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா ஒரு எண்ணைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டார். எங்கேயும் பார்க்கவில்லை, எதையும் புரட்டவில்லை. விரல் தானாகப் போயிற்று.

"யாருக்கா?"

"கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடி விக்கறாங்களே, அது. நான் போர்டுல இருந்தப்ப தினமும் நாலு மணிக்கு சுருள்முடி இந்த நம்பரைத்தான் கேப்பாரு. ரெண்டு வருஷம். அவருக்குக் கண்ணுல ஒரு குறையும் கிடையாது."

மறுமுனையில் கடைக்காரர் எடுத்தார். அக்கா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட விதத்தைக் கேட்டால் ஏதோ தூரத்து உறவு பேசுகிறது என்றுதான் தோன்றும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கடையில் ஒரு பெண் வேலை பார்த்தாரே, மெல்லிய குரல், சொல்வதற்கு முன்னால் சின்னதாக ஒரு இருமல் வருமே என்று கேட்டார்.

"ஆமாம்மா, இருந்துச்சு. கல்யாணம் ஆகிப் போயிடுச்சே."

"யாரை?"

"ஆஸ்பத்திரியில வேலை பாத்த ஒரு பையன. தலை பூரா சுருட்டை முடியா இருக்கும்."

அக்காவின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்தால் டேட்டாபேஸ் தானாகவே மாட்டிக்கொண்டுவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கல்யாணம் எப்போது, எங்கே, குழந்தைகள் எத்தனை என்று விசாரணை தொடங்கியது. ஏழு நிமிஷம். நான் கடிகாரத்தைக் காட்டினேன். அக்கா "ஆங், ஆங்" என்று தலையாட்டிவிட்டுக் குழந்தை யார் ஜாடை என்று கேட்டார். கடைசியில் ஒருவழியாக எண்ணும் வந்தது.

அந்த எண்ணை அழைத்தபோது முதலில் பேசியது ஒரு நாய். அதன் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாய்கள் பேசின. அவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு குரல், "யாரு?" என்று கத்தியது.

"நான் போர்டு அக்கா பேசறேன்."

சிறிது நேரம் நாய்களின் குரல் மட்டும் கேட்டது. பிறகு, "அக்காவா? எப்படிக்கா என்னைப் புடிச்சீங்க?"

சுருள்முடி கம்ப்யூட்டர் வேலையையே விட்டுவிட்டாராம். வெளியூர் போகிறவர்களின் நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி நடத்துகிறாராம். கம்ப்யூட்டரைவிட நாய்கள் எவ்வளவோ மேல், குரைத்தால் காரணம் தெரியும் என்றார். அக்கா நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிக்க ஆன நேரத்தில் ஒரு நாயைக் குளிப்பாட்டித் துவட்டியே இருப்பார் என்று நினைக்கிறேன். கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"டி டிரைவ்ல புது ஃபோல்டர் யாரு உண்டாக்கினது?"

"நான்தான்."

"அப்ப அது உங்களுக்குத்தான் வழி விடும். டேட்டாபேஸ் சர்வீஸ் உங்க பேர்ல ஓடல அக்கா, அதுக்குன்னு ஒரு தனிப் பேரு இருக்கு. அந்தப் பேருக்கு ஃபோல்டர்ல அனுமதி குடுத்தீங்களா?"

"ஐயோ, இல்லையே. அப்ப இவ்வளவு நேரம் அவரை வாசல்லயே நிக்க வச்சிருக்கேனா?"

"ஆமாக்கா. உள்ள கூப்பிடுங்க."

அந்தத் தனிப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். நடுவில் ஒரு நாய் குறுக்கிட்டதால் ஓர் எழுத்து தவறி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். அக்கா ஃபோல்டரைத் திறந்து, அந்தப் பெயரைச் சேர்த்து, முழு அனுமதி கொடுத்தார். பொத்தானை அழுத்தினார். மூன்று நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பட்டியலில் டேட்டாபேஸின் பெயர், டி டிரைவ் முகவரியோடு, வந்து நின்றது.

சர்வீஸை ஓட விட்டார். நேராக மறுப்புகள் பக்கத்துக்குப் போனார். நானூற்றுப் பதினேழு. அந்த எண்ணை விரலால் திரையில் தொட்டார். பிறகு புடவைத் தலைப்பால் விரல் ரேகையைத் துடைத்தார்.

மணி நாலு முப்பத்தைந்து. கணவர் அக்காவை அழைத்துப்போக வந்துவிட்டார். பயிற்சிக் காரைக் கீழே நிறுத்திவிட்டு மேலே வந்தவர், வாசலில் நின்று அக்கா முகத்தைப் பார்த்தார். "இப்ப பேசலாம்," என்றார். அக்கா பேச ஆரம்பித்தார். இரண்டரை மணி நேரம் தேக்கிவைத்தது எல்லாம் வந்தது.

சார் ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

மிச்சமும் வரும் என்று சார் காத்திருந்தார். வரவில்லை. அக்கா தன் பங்கைக் கணவரிடம் ஏற்கனவே பேசித் தீர்த்துவிட்டார் என்பது சாருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் நின்றார், அலமாரியைப் பார்த்தார், என்னுடைய பிரிண்டரைப் பார்த்தார். "எப்படி செஞ்சீங்க?" என்று அவராகவே கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வியை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அனுமதி குடுக்கலை சார். குடுத்தேன்," என்றார் அக்கா.

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக சர்வரிடம் வந்து தலைகாட்டின. சேர்ந்துபோயிருந்த அப்டேட்களை வாங்கிக்கொண்டு போயின. லேபில் ஸ்டிக்கர் எழுத்தோடு வந்தது. எக்ஸ்ரே முழுதாக வந்தது. மத்தியானம் அக்கா கணக்கெடுத்தபோது முந்நூற்றுப் பதினொன்று சரியாக இருந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. வராத அந்த ஒன்று கடைசியாக சர்வரிடம் தலைகாட்டி ஒரு வருஷமும் எட்டு மாதமும் ஆகியிருந்தது. இத்தனை நாளாக சர்வர் தடுமாறிக்கொண்டிருந்ததில் அது யார் கண்ணிலும் படவில்லை.

யாருடையது என்று பார்த்ததும் அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சார் அறைக்கு இந்த முறையும் நான் கூடப் போனேன்.

"சார், உங்க லேப்டாப்."

"என்ன அதுக்கு?"

"ஒரு வருஷம் எட்டு மாசமா அப்டேட் ஆகல."

பிறகு பேசியதெல்லாம் சார்தான். கூட்டங்கள் அதிகம், திடீர் திடீரென்று அணைந்து எழுந்தால் வேலை கெடுகிறது, "பிறகு நினைவூட்டு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை ஒரு முறை அழுத்தினார், அப்புறம் பழக்கமாகிவிட்டது, அதற்கப்புறம் அது கேட்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார், முன்பு வேலை பார்த்த இடத்திலும் இப்படித்தான், அங்கே ஒரு அதிகாரி இருந்தார், அந்த அதிகாரிக்கு மாமனார் ஒருவர் இருந்தார். பன்னிரண்டு நிமிஷம். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்தோம். எல்லா அப்டேட்டும் ஏற மறுநாள் மத்தியானம் வரை ஆயிற்று. அதுவரை சார் காகிதத்தில் பேனாவால் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். கையெழுத்து அழகாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் கணவரும் நாய் விடுதிக்குப் போனார்கள். நன்றி சொல்லப் போவதாகச் சொன்னார். குழந்தை யார் ஜாடை என்று பார்க்கப் போனார் என்பது எனக்குத் தெரியும். சுருள்முடிக்கு இப்போது முடியே இல்லையாம். இருந்ததெல்லாம் நாய்களுக்குக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று அக்கா சொன்னார். மனைவி அதே மெல்லிய குரல், அதே சின்ன இருமல். அந்தக் குரலைப் போர்டில் ஆயிரம் தடவை கேட்டிருந்தும் முகத்தை அன்றுதான் அக்கா முதன்முதலாகப் பார்த்தார்.

நான்கு பேரும் தோட்டத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தபோது புருஷனுக்கும் மனைவிக்கும் ஒரு பழைய வழக்கு கிளம்பியது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒருமுறை பெரிதாகச் சண்டை போட்டு, இனி பேசுவதே இல்லை என்று முடிவு செய்தார்களாம். நான்காம் நாள் போன் வந்ததாம். "இவருதான் முதல்ல போன் பண்ணாரு," என்றார் மனைவி. "இல்லக்கா, இவதான் பண்ணா. இன்னிக்கு வரைக்கும் ஒத்துக்க மாட்டேங்கறா," என்றார் சுருள்முடி. பன்னிரண்டு வருஷமாக இது நடக்கிறதாம். வீட்டில் வேறு எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்குமாம்.

அக்கா ஒரு நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். கணவர் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். எந்த நேரத்தில் பிரேக் தேவைப்படும் என்று அறிந்தவர் அவர். ஆனால் அன்று பிரேக் போடவில்லை.

"ரெண்டு பேரும் இல்ல," என்றார் அக்கா. "நான்தான்."

இருவருக்கும் புரியவில்லை.

"தினமும் நாலு மணிக்கு இவரு நம்பர் கேப்பாரு. மூணு நாளா கேக்கல. இடையில பாத்தா ஆளு மூஞ்சி சரியில்ல. நாலாவது நாள் நாலு மணிக்கு நானே கடைக்குப் போட்டேன், 'லைன்ல இருங்க'ன்னேன். இவரு எக்ஸ்டென்ஷனுக்குப் போட்டு 'உங்களுக்கு போன்'னேன். சேத்து விட்டுட்டேன். செய்யக் கூடாதுதான். வேலை போயிருக்கும்."

மனைவிக்கு இருமல் வந்தது. சுருள்முடி வாயைத் திறந்தபடி இருந்தார்.

"அப்புறம் நாங்க பேசினதைக் கேட்டீங்களா அக்கா?" என்றார் மனைவி, மெதுவாக.

"சேச்சே. சேத்து விட்ட உடனே ஹெட்போனைக் கழட்டிட்டேன்."

"உடனேவா?" என்று கேட்டவர் அக்காவின் கணவர்.

"ஒரு… கொஞ்ச நேரம் கழிச்சு," என்றார் அக்கா.

அந்த வீட்டில் அதற்கப்புறம் ஒரு கால் மணி நேரம் யாராலும் சரியாகத் தேநீர் குடிக்க முடியவில்லையாம். சிரித்தது பாதி, அழுதது பாதி. கிளம்பும்போது அந்த மனைவி அக்காவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கார் வரைக்கும் வந்தாராம்.

இதெல்லாம் மறுநாள் காலை அக்கா என்னிடம் சொன்னது. சொல்லி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. நடுவில் மூன்று பிரிண்டர் புகார்கள் வந்தன, மூன்றையும் காத்திருக்கச் சொன்னேன். இரண்டு தடவை சர்வரைப் பார்க்க எழுந்து போனார். டி டிரைவில் முக்கால்வாசி இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "அவரு காலை நீட்டிப் படுத்திருக்காரு," என்று வந்து உட்கார்ந்தார். பேச்சு மறுபடி நாய் விடுதிக்குத் திரும்பியது. அங்கே யாரோ விட்டுவிட்டுப் போய்த் திரும்ப வராத ஒரு பழுப்பு நாய் இருக்கிறதாம். அன்று முழுவதும் கணவரின் காலடியிலேயே படுத்திருந்ததாம். குரைக்கவே இல்லையாம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கணவர் கேட்டாராம். பேசாமல் இருக்க வீட்டில் இன்னொருத்தர் எதற்கு என்று அக்கா மறுத்திருக்கிறார்.

"நிரந்தரமா மறுத்துட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா," என்றார். "பிறகு நினைவூட்டுன்னு போட்டிருக்கேன்."